காகிதத்தில் முப்பது வயது

காஜா பேராங்,
மலாக்கா.
11.4.1958, வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி ராஜரத்தினத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகும். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாமல் கிழவன் என்ன செய்கிறான் என்று கோபப்பட்டிருப்பாய். எழுதி எழுதிக் கிழித்ததில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாதி போய்விட்டது. இதையாவது கிழிக்காமல் முடிக்கப் பார்க்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போகிறாள். இப்போதும் அங்கேதான் போயிருக்கிறாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். குருபோங் பக்கம் புது ரோடு போடுகிறார்கள். ரோடு போட்ட வேலைக்குப் பென்ஷன் வாங்கியும் கால் சும்மா இருக்கவில்லை, போய்ப் பார்த்தேன். ரோலர் ஓட்டுகிறவன் சூடான தாரின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு சிகரெட் பிடிக்கிறான். பள்ளம் விழாமல் என்ன செய்யும்? நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். ஊரான் போடுற ரோட்டுக்கு நீங்க ஏன் வாயக் குடுக்குறீங்க என்று உன் அம்மா என்னைத் திட்டினாள்.

போன மாதம் பக்கத்து வீட்டு சங்கரன் ஆங்கிலப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உனக்குத் தெரியுமே, மலாக்காச் செட்டி மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். உன் படத்தைக் காட்டி, அனாக் லு சுடா வெட்டரன் என்றார். என் மகன் வெட்டரன் ஆகிவிட்டானாம். ஏதோ பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அவருக்குக் காப்பி போடச் சொன்னேன். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான், வெட்டரன் என்றால் யுத்தத்துக்குப் போய் வந்த கிழவர்களைச் சொல்கிற வார்த்தை என்று விளக்கினார். கொடுத்த காப்பியைத் திரும்ப வாங்கவா முடியும்?

நாலு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. மார்ச் மாதத்தோடு முப்பது முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் தாப்பா மேட்டுச் சைக்கிள் பந்தயத்தில் இருபத்தொரு வயதுக்காரன் ஒருவன் கடைசி இரண்டு மைலில் உன்னை விட்டுவிட்டுப் போனதையும், முப்பதுக்கு மேல் மேடு ஏறுகிற உடம்பு இறங்குமுகம்தான் என்று தேர்வுக் குழுக் காரியதரிசி உன் முகத்துக்கு நேரே சொன்னதையும் எழுதியிருந்தாய். அதனால் வருகிற இருபதாம் தேதி கெந்திங் செம்பா மேட்டில் நடக்கும் கடைசித் தேர்வுக்குப் போகவில்லை, சைக்கிளைத் துடைத்துச் சுவரில் மாட்டிவிட்டேன், ஜப்பான் போட்டிக்கு இளைஞர்கள் யாராவது போகட்டும் என்று முடித்திருந்தாய்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜப்பானுக்குப் போகாவிட்டால் நல்லதுதான் என்றாள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் சைக்கிளில் வரிசையாக வந்து இறங்கியதைப் பார்த்தவள் அவள். அவனோடு போய் சைக்கிள் பந்தயமா என்று கேட்கிறாள். எனக்கு அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. முப்பது.

நீ ஜெயித்த மேடுகளில் பாதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் வரும் என்று ஒரு நினைப்பு. இப்போது எழுதுகிறேன். ஐம்பத்தொன்றில் கெந்திங் செம்பாவில் நீ முதல் தடவை ஜெயித்தபோது, மற்றவர்கள் எல்லாம் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தார்கள். வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நீ உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு போனாய். வளைவு வந்ததும் எல்லாரும் குறுக்கே போகலாம் என்று உள்பக்கம் நெருக்குவார்கள். ரோடு போட்டவனுக்குத் தெரியும், உள்பக்கம்தான் செங்குத்து. நீ அகலமாக வெளிப்பக்கம் சுற்றி, மிதியின் வேகம் குறையாமல் போவாய். இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. நீயும் என்னைக் கேட்டதில்லை. பினாங்கில் ஒரு தடவை, தாப்பாவில் இரண்டு தடவை, எல்லாம் இதே மாதிரிதான். பாதி மேடு வரை நீ எங்கே இருக்கிறாய் என்றே தெரியாது. கடைசி மூன்று மைலில் ஒவ்வொருவனாக உன் பக்கம் திரும்பிப் பார்ப்பான், பிறகு பின்னால் போவான். சமதளத்தில் உன்னை யார் வேண்டுமானாலும் முந்துவார்கள். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜனவரியில் தாப்பாவிலும் நான் நின்றிருந்தேன். பஸ் மாறி மாறி வந்து, பன்னிரண்டாம் மைல் கல்லுக்கு மேலே ஒரு வளைவில் நின்றேன். உன் காலைத்தான் பார்த்தேன். அது சுற்றுகிற விதத்தில் ஒரு குறையும் இல்லை. தலைதான் தொங்கியிருந்தது. முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவன் நீ. அன்றைக்கு உன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு போனாய். எனக்கு வயதாகிவிட்டது என்று நீயே முடிவு கட்டிக்கொண்டு ஏறினாய். அந்த வயதை உன் தலையில் கட்டியவன் நான்.

இனிச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உனக்கு முப்பது ஆகவில்லை. இருபத்தேழுதான் ஆகிறது. ராஜரத்தினம் என்பது உன் பெயரும் இல்லை.

ராஜரத்தினம் உன் அண்ணன். இருபத்தெட்டாம் வருஷம் மார்ச்சில் மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தான். அவனுக்கு சூராட் பெரானாக் எடுத்தேன். நீ உன்னுடையது என்று வைத்திருக்கிற பிறப்புக் காகிதம் அதுதான். முப்பதில் ரப்பர் விலை விழுந்ததும், புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் எங்களை எல்லாம் கணக்கு முடித்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் அடுத்த மாசியில் நீ பிறந்தாய். உன் அம்மாவின் அப்பா பெயரை வைத்தோம். பொன்னுதுரை. உனக்குக் காகிதம் எதுவும் எடுக்கவில்லை. அங்கே யார் எடுத்தார்கள்?

முப்பத்து நாலில் ஊரில் வாந்திபேதி. காலையில் விளையாடிக்கொண்டிருந்த ராஜரத்தினம் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். ஆறு வயது. உன் அம்மா பத்து நாள் பேசவில்லை, சாப்பிடவில்லை. பதினோராம் நாள் காலையில் கையில் சோற்றுக் கிண்ணத்தோடு வாசலில் நின்று, ராஜரத்தினம் இங்க வா என்று கூப்பிட்டாள். மூன்று வயதுப் பிள்ளை நீ, சோற்றைப் பார்த்து ஓடி வந்தாய். அவள் ஊட்டினாள், அவளும் சாப்பிட்டாள். நான் தடுத்திருக்க வேண்டும். செத்த பிள்ளையின் பெயரை இருக்கிற பிள்ளைக்கு வைக்கக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் பேச ஆரம்பித்துவிட்டாளே, அது போதும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உன் பெயரைச் சொன்னதில்லை.

முப்பத்தேழில் திரும்பவும் இங்கே வந்தோம். மறு வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உன் பெயரைக் கேட்டார். ராஜரத்தினம் என்று நீயே சத்தமாகச் சொன்னாய். காகிதம் இருக்கிறதா என்றார். பெட்டியில் இருந்தது ஒரே காகிதம், அதில் அதே பெயர். எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. வாத்தியார் உன்னை ஏற இறங்கப் பார்த்து, பத்து வயசுக்கு இவ்வளவுதான் இருக்கானா என்றார். அம்மை போட்டு இளைத்துவிட்டான் என்றேன். வாய் திறந்து நான் சொன்ன முதல் பொய் அது. உன்னைப் பத்து வயதுக்காரர்களோடு உட்கார வைத்தார்கள். எல்லாரும் உன்னைவிட ஒரு தலை உயரம். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியின் பழைய சைக்கிளில் அவர்கள் போட்டி வைத்தால் நீ குரங்குப் பெடல் போட்டு ஓட்டித் தோற்றுவிட்டு வருவாய், சாப்பிட மாட்டேன் என்று அழுவாய். தோட்டத்து மேட்டில் மட்டும் அவர்களுக்கு மூச்சு வாங்கும், உனக்கு வாங்காது. மூன்று வருஷம் மூத்தவர்களோடு மோதி வளர்ந்தவன் நீ. அதனால்தான் மேட்டுக்காரனானாய் என்று நினைத்து, சில நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். மற்ற நாள்களில் அது பலிக்காது.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது உனக்குக் காகிதத்தில் பதினைந்து, உண்மையில் பன்னிரண்டு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆள் பொடியனாக இருந்ததால் உன்னை விட்டுவிட்டார்கள், நானும் வாயை மூடிக்கொண்டேன். நாற்பத்தெட்டில் ஐசி என்கிற அடையாள அட்டை எடுத்தபோது, இங்கே பிறக்காதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஒரே பேச்சு. மறுபடியும் அதே காகிதம். போன வருஷம் மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது. மலாக்காவில் பிறந்தவன் என்பதால் நீ மனுப் போடாமலே இந்த நாட்டுக் குடிமகன் ஆனாய். நான் மனுப் பாரத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

பொங்கலுக்கு முன்னால் சங்கரன் வீட்டில் இறந்துபோனவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். எங்களையும் கூப்பிடுவார்கள். இருபத்து நாலு வருஷத்தில் என் மூத்த மகனுக்கு நான் ஒரு இலை போட்டதில்லை. பெயர் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும்போது எப்படிப் படைப்பது? அவன் செத்ததையும் நான் மறைத்துவிட்டேன், நீ பிறந்ததையும் மறைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதை எழுத ஏன் மூன்று வாரம் என்று கேட்பாய். இந்தக் கடிதத்தைப் படிக்கும்வரை உன்மேல் குற்றமில்லை. பாஸ்போர்ட்டுப் பாரத்தில் பெயரும் பிறந்த ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அது தெரியாமல் போட்ட கையெழுத்து. இனிமேல் போட்டால் தெரிந்தே சொல்கிற பொய். உன் மூன்று வருஷத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வந்து, உன் காலடி மண்ணைப் பிடுங்குகிறேன். வெளியே பிறந்தவர்களும் ஆகஸ்டு கடைசிக்குள் மனுப் போட்டால் குடியுரிமை உண்டு என்கிறார்கள். ஆனால் இன்னொருவன் காகிதத்தில் இத்தனை வருஷம் இருந்தவனுக்குக் கொடுப்பார்களா? யாரைக் கேட்பது? கேட்டாலே மாட்டிக்கொள்வோம். சொல்லாமல் இருந்தால் நீ இருபத்தேழு வயதில் கிழவனாக, வேலை பார்க்கிற செந்தூல் ரயில் பட்டறையிலேயே உட்கார்ந்துவிடுவாய். இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்துவிட்டேன்.

சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கு. இருபதாம் தேதி ஏறு. ஜெயித்தால் எந்தப் பாரத்திலும் கை வைக்காமல் எனக்கு ஒரு தந்தி கொடு. நான் அந்தக் காகிதத்தோடு பதிவு ஒப்பீசுக்குப் போய், செய்தது நான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ஜெயில் என்றால் நான் போகிறேன். ஜப்பான் கைவிட்டுப் போகலாம். என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தோற்றாலும் எழுது, அப்போதும் போய்ச் சொல்லிவிடுகிறேன். உன் வயதில் இன்னும் எத்தனையோ மேடு இருக்கிறது. முப்பது ஆக வேண்டியவன் ஆறோடு நின்றுவிட்டான். அவன் வயதை நீ சுமந்துகொண்டு ஏறாதே.

இவ்வளவு எழுதுவதற்குள் உன் அம்மா கோயிலிலிருந்து வந்துவிட்டாள். யாருக்கு இவ்வளவு நீளமா எழுதுறீங்க என்றாள். கோலாலம்பூருக்கு என்றேன். ராஜரத்தினத்துக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாள்களை ஒன்றொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். திருநீற்றுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்தபடியே, மேட்டுல ஏறுறப்போ தண்ணிய ஒரேயடியாக் குடிக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும்னு பொன்னுதுரைக்கு எழுதுங்க என்றாள்.

எழுதிவிட்டேன். திருநீற்றை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். பூசிக்கொண்டு ஏறு. உன் சொந்த வயதில் நூறு வருஷம் இரு, பொன்னுதுரை.

உன் அப்பா,
அப்பாசாமி