அனுபவம்: இல்லை

செவ்வாய்க்கிழமை.

சித்தாள் வேலை பார்க்கும் பெண்களுக்கு, நான் நடத்தும் பயிற்சி நிலையத்தில் கொத்தனார் வேலை கற்றுத்தர நிதி கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அதில் இன்று அவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். முன் அனுபவம் இல்லாதவர்களுக்குத்தான் பணம் என்பது விதி. அதனால் பன்னிரண்டு பேருக்கும் ‘அனுபவம்: இல்லை’ என்று நானே நிரப்பியிருந்தேன்.

அமராவதிபுதூர் பாண்டியம்மாள் மட்டும் படித்துப் பார்த்தார்.

“இருவது வருசமாக் கலவை சுமக்கேன். அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கீக?”

“அப்படி எழுதினாத்தான் பணம் வரும்க்கா.”

“அப்ப நான் சுமந்ததெல்லாம் என்ன?”

நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். “மத்தவங்களுக்கு வர்றது என்னால கெட்டுறக் கூடாது” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

விதியை எழுதியவர் யாரோ. நிரப்பியது என் கைதான்.

விண்ணப்பத்தை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பயிற்சி நிலையம் நடத்துபவரின் அனுபவத்தைக் கேட்டிருக்கிறார்கள். ‘பதினோரு வருடம்’ என்று யோசிக்காமல் எழுதி வைத்திருக்கிறேன். கொத்தனார் கரண்டியை நான் ஒருநாளும் கையில் பிடித்ததில்லை.