மஞ்சள் தடவாத அழைப்பிதழ்

என் பிரியமான மாமாவுக்கு,

அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் மூன்று சக்கர ஸ்கூட்டரை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. நான் சிதம்பரம் வரும்போதெல்லாம் அதை ஒரு தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சத்தம் கேட்ட பிறகுதான் காபி தருகிறாள். நான்தான் சரியில்லை. பயமாக இருக்கிறது மாமா. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

நீங்கள் ஆரம்பித்த ஆபீஸ் கடலூரில் அதே இடத்தில்தான் இருக்கிறது. சாய்தளம் இல்லை, பஸ்ஸில் ஏற்றவில்லை, உதவித்தொகை நின்றுவிட்டது என்று மாற்றுத்திறனாளிகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் நமக்கு உதவும் அறக்கட்டளை, இன்னும் சில வருஷம்தான் தருவோம், அதற்குள் சொந்தக் காலில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டது. உங்கள் ஆபீஸைப் பூட்டியவன் என்ற பெயர் எனக்கு வந்துவிடுமோ?

சென்னையில் ஒரு பயிற்சியில் ஒரு வழி சொன்னார்கள். நம் மேல் பிரியமுள்ளவர்கள் தங்கள் உயிலில் ஒரு சிறு பங்கை அமைப்புக்கு எழுதிவைப்பது. இன்று எதுவும் தர வேண்டாம், அவர்கள் காலத்துக்குப் பிறகு வந்தால் போதும். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்ப பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஒருவர் முகத்தைப் பார்த்து, ‘உங்களுக்கு அப்புறம்...’ என்று எப்படி ஆரம்பிப்பது? நீங்களாக இருந்தால் ஏதாவது கிண்டல் பண்ணியே ஆரம்பித்திருப்பீர்கள்.

சிதம்பரத்தில் ஒரு கூட்டம் போட்டேன். அழைப்பிதழில் நீங்கள் சிரிக்கிற படம். பிரஸ்காரர், “மூலைல மஞ்சள் வெச்சிடலாமா தம்பி?” என்று கேட்டார். உயிலைப் பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு மஞ்சளா என்று குழம்பி, வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் தபாலில் போட்ட பிறகுதான் அக்காவிடம் காட்டினேன்.

“டேய், மஞ்சளும் இல்ல, அவுங்க போட்டோ வேற இம்மாம் பெருசா இருக்கு. இது என்ன பத்திரிகைன்னு நெனைப்பாங்க?” என்றாள்.

அவள் சொன்னபடியே ஆனது. உங்கள் நினைவு நாள் என்று நினைத்துப் பாதிப் பேர் கையில் மாலையோடு வந்தார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து உயில் என்று வாயைத் திறந்ததும் திருவந்திபுரத்திலிருந்து வந்த பெரியவர், “நல்ல வார்த்தையா பேசு தம்பி. அவருகூட எங்களையும் சேத்து அனுப்பிடுவ போலக்குது” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினார்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால், ஒருவர்கூடச் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆளில்லாத நாற்காலிகளை நான் ஒவ்வொன்றாக மடக்கி அடுக்கினேன்.

மேல்பட்டாம்பாக்கம் ஸ்டெல்லா டீச்சரும் வந்திருந்தார். நீங்கள் ஆபீஸ் தொடங்கியபோது தன் வீட்டு மேசையை வண்டியில் ஏற்றி அனுப்பியவர். அன்று ரொம்ப இருமினார் என்று மறுநாள் போன் செய்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

“இன்னும் இருக்கேன்பா. என்னா அவசரம்?” என்றார்.

அதிலிருந்து யாரையும் நலம் விசாரிக்கவே கூசுகிறது. அடுத்தவர் சாவுக்காகக் காத்திருக்கிற ஆளாக நான் ஆகிவிட்டேனா மாமா? நீங்கள் இருந்தால் இந்த வழியே வேண்டாம் என்றிருப்பீர்களா?

போன வாரம் டீச்சரே ஆட்டோ பிடித்து ஆபீசுக்கு வந்துவிட்டார். இப்போது வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

“பாஸ்கரு, எனக்கு அந்த வீட்ட விட்டா வேற ஒண்ணும் இல்ல, கேக்கறதுக்கும் ஆளு இல்ல. உங்களுக்கே எழுதலாம்னு பத்திரப்பதிவு ஆபீஸ் வரைக்கும் போனேன். வாசப்படி ஏற முடியல. ஆட்டோலயே உக்காந்து பாத்துட்டுத் திரும்பிட்டேன்.”

“வீட்டுக்கே வந்து பதிவு பண்றதுக்கு வழி இருக்கு டீச்சர், மனு போடலாம்” என்று படபடத்தேன்.

“மனுவா? அந்தப் படிக்கு ஒங்க மாமா ஒரு மனு போட்டாரே, அது என்னாச்சு?”

எந்த அலுவலகம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கடைசியாகப் போட்ட மனு அதுதான். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை மாமா. ஆபீஸ் பிழைக்குமா என்ற கவலையிலேயே ஆபீஸின் வேலையை விட்டிருக்கிறேன்.

“இருக்கற வேலையச் செய்யாத ஆபீசுக்கு நான் எதுக்குப்பா என் வீட்ட எழுதணும்? மொதல்ல அங்க சாய்தளம் போட வை. நானே ஏறி வந்து கையெழுத்துப் போடறேன்” என்றார் டீச்சர்.

வாக்கரைப் பிடித்து எழுந்து, வாசல் வரை போய், திரும்பி என்னைப் பார்த்தார். “போயிட்டு வரேன்பா” என்றார். “வாங்க டீச்சர்” என்றேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த வேலை முடிவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வீடு வராமல் போகுமே என்பதா என் கவலை, டீச்சர் இல்லாமல் போவாரே என்பதா? இன்று காலை துணிந்து போன் செய்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

“எனக்கு என்னா, நல்லாத்தான் இருக்கேன். படி எப்படி இருக்கு?” என்றார். கூட்டத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டீச்சர் அந்த வாசலில் தன் காலால் ஏறும்வரை உயில் பேச்சை அவரிடம் எடுக்க மாட்டேன். உங்கள் மனுவின் நகலை எடுத்துவைத்துவிட்டேன். நேரில் போய்க் கேட்கப் போகிறேன். உங்கள் ஸ்கூட்டரில்தான். அக்காவே சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்குச் சுடுகாட்டில் உங்களை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல், சொல்லிக்கொள்ளாமல் வந்தேன். அதுதான் முறை என்றார்கள். இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

போயிட்டு வரேன் மாமா.

உங்கள் மச்சான்,
பாஸ்கர்