நீங்கள் மூடித் தந்த பாட்டில்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

அங்கே கடல் உண்டா? தோணி ஓட்டிய உங்களுக்குக் கடல் இல்லாத இடம் சரிப்படாதே. இங்கே அம்மா சுகம். வாசலில் கிடக்கும் உங்கள் நாற்காலியை யாரையும் எடுக்க விடுவதில்லை. நான்தான் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாமல் ஒரு வாரமாகத் தவிக்கிறேன்.

திருச்செந்தூர் சாலைக் குளம் நினைவிருக்கிறதா? உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பிவிடும், சிலவகை பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஒரு ரசாயனம் அந்தத் தண்ணீரில் துளியளவாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதனால் கண்ணாடி பாட்டில்தான் கொண்டுபோவேன். முதல் தடவை தண்ணீர் எடுத்து வந்து நான் குளிக்கப் போன நேரத்தில், நீங்கள் ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் பாலிதீன் தாள் வைத்து இறுக்கிவிட்டீர்கள்.

ஆய்வகத்தில் சோதித்தால், ஒப்பிட்டுப் பார்க்க அதேபோல் ஒரு பாட்டிலில் வைத்திருந்த சுத்தமான தண்ணீரிலும் அந்த ரசாயனம் தெரிந்தது. அப்படியென்றால் மொத்த வேலையும் வீண். வீட்டுக்கு வந்து உங்கள்மேல் பாய்ந்தேன்.

"தோணில ஒரு சொட்டு உள்ள வரக்கூடாதுன்னா இப்படித்தாம்ளா கட்டுவோம்" என்றீர்கள். பிறகு மெதுவாக, "நீ பாட்டில் கழுவுத தண்ணிய வச்சிருக்கியே, அந்தக் கேனும் பிளாஸ்டிக்தான?" என்று கேட்டீர்கள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, சும்மா இருங்க" என்றேன்.

அதற்குப் பிறகு என் பையை நீங்கள் தொடவேயில்லை. அது வழியில் கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவீர்கள். மூன்றே மாதத்தில் ஒரேயடியாகப் போயும்விட்டீர்கள்.

போன வாரம் மறுபடி தண்ணீர் எடுத்தேன். பாலிதீன் வைக்கவில்லை. அப்படியும் சுத்தமான தண்ணீரில் அதே ரசாயனம். அடுக்களையில் கிடந்த உங்கள் பாலிதீன் சுருளில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தேன். அதில் எதுவுமே இல்லை. அப்புறம் கேன் தண்ணீரைச் சோதித்தேன். அதிலிருந்துதான் வந்திருக்கிறது அப்பா. அந்தத் தண்ணீரில்தான் எல்லா பாட்டிலையும் கழுவியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டபோது ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் என்ன? படித்த திமிர், வேறென்ன சொல்ல. ஆய்வகப் பதிவேட்டில்கூட, 'வீட்டில் ஒருவர் பிளாஸ்டிக் வைத்து மூடியதால் கெட்டது' என்று எழுதி வைத்திருந்தேன். இன்று அதை அடித்துவிட்டு, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் சொல்லத்தான் வழியில்லை.

சனிக்கிழமை திரும்பவும் குளத்துக்குப் போகிறேன். கழுவும் தண்ணீரை இனிக் கண்ணாடிக் குடுவையில்தான் வைப்பேன். குளத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் ஊருக்குச் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் பையை உங்கள் நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். நீங்கள் தொடலாம் அப்பா.

உங்கள் மூத்த மகள்,
ஜெசிந்தா