வாசலில் குட்டி பூட்ஸ்

நாகாவோகா
1958 ஜூன் 20

கினு அப்பாவுக்கு,

மழை பிடிச்சுக்கிச்சு. சாக்ஸை நனையவிடாதீங்க, உலர்த்தித் தர ஆள் இல்ல. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட அக்கா வீட்டுக்கு வந்தவ ஏன் திரும்பலைன்னு நினைப்பீங்க. சொல்லிடறேன்.

நம்ம கினுவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கும் சாயங்காலப் பேப்பர்ல, அவளை வச்சு நீங்க வரையற நாலு கட்டச் சிரிப்புப் படம் வந்துச்சு. மேல் கட்டத்துல அவ வீட்டுக் குடையையெல்லாம் இழுத்துட்டுப் போறா. அதுக்குக் கீழ அப்பா குடை தேடறார். மூணாவதுல நனைஞ்சுக்கிட்டே ஓடறார். கடைசியில தெருநாய்க் குட்டிங்க எல்லாம் குடைக்குள்ள, நடுவுல அவ பல்லைக் காட்டிட்டு நிக்கறா. பெத்த பொண்ணு போன அன்னைக்கு அதை எப்படிங்க வரைஞ்சீங்க? இப்பவும் தினமும் குதிக்கறா. அக்கா பேப்பரை ஒளிச்சு வைக்கறா. நான் தேடிப் பிடிச்சுப் பார்த்துட்டு வெந்நீர் அடுப்புல போடறேன். அவளை வரையறதை நிறுத்துங்க.

தோமியே


நீகாட்டா
ஜூன் 24

கினு அம்மாவுக்கு,

அது அன்னைக்கு வரைஞ்சது இல்லம்மா. பத்து நாளைக்கு உண்டானதை முன்னாடியே குடுத்துடறது எங்க வழக்கம். துக்கத்துல மறந்துட்டே. குடைப் படம் வரையறப்போ அவ என் முதுகுல தொங்கிட்டு இருந்தா. அன்னைக்கு அந்தப் பேப்பர்ல மட்டும்தான் அவ உசிரோட இருந்தா, நிறுத்தச் சொல்ல மனசு வரலை.

உன் இஷ்டப்படியே ஆகட்டும். பேப்பர் ஆசிரியர், "பொண்ணு எங்கேன்னு கேப்பாங்களேய்யா. உன் படத்துல பேச்சே கிடையாது, எப்படிச் சொல்லப்போறே?"ன்னார். சொல்லாமலே விட்டுடலாம்னேன். குடுத்து வச்சது தீர்ந்ததும், ஜூலை அஞ்சுலேர்ந்து வரமாட்டா. நீ வந்துடு. தினமும் அடிப்பிடிச்ச சோறுதான் தின்னுட்டிருக்கேன்.

தமோத்சு


நாகாவோகா
ஜூலை 5

கினு அப்பாவுக்கு,

இன்னைக்கு அவ இல்ல. அப்பா, அம்மா, பூனை, அவ்வளவுதான். கேட்டது நான்தான், ஆனாலும் கட்டம் கட்டமா அவளைத் தேடினேன். அப்புறம் பார்த்தா கடைசிக் கட்டத்துல, வாசல்ல, பெரிய செருப்புங்க பக்கத்துல குட்டி பூட்ஸ். ஓடிப்போய் அக்காகிட்ட, "வீட்டுக்குள்ளதான் இருக்கா, கட்டத்துக்குள்ள வரலை"ன்னேன். அக்கா என்னையே பார்த்துட்டு, "சாப்பிட வாடி"ன்னா.

நான் தப்பாக் கேட்டுட்டேன். அவளை வெளிய வர விடுங்க. அவ வந்த அன்னைக்கே நான் ரயிலேறிடறேன்.

தோமியே


நீகாட்டா
ஜூலை 16

கினு அம்மாவுக்கு,

பூட்ஸ் நான் நினைச்சுப் போட்டதில்ல, கைப் பழக்கம். ஆசிரியர் பார்த்துட்டு மறுநாள் படத்துலேர்ந்து அது மேல வெள்ளை மை பூசி மறைச்சுட்டார்.

உன் கடிதம் வந்ததுலேர்ந்து அவளை வரைஞ்சு பார்க்கறேன். பழைய பேப்பரைப் பக்கத்துல வச்சும் வரைஞ்சேன். கோடு வருது, அவ வரலை. தினமும் வரையறவரைக்கும் முகம் கையில இருந்துச்சு. விட்ட கொஞ்ச நாள்லயே போயிடுச்சு. பூஜை மாடத்து போட்டோவுல அவ சிரிக்கலை. சிரிச்சா எந்தக் கன்னம் குழியும்? கண்ணு மூடிக்குமா? நீ எழுது தோமியே. நீ எழுதினா வரைஞ்சுடுவேன்.

தமோத்சு


நாகாவோகா
ஜூலை 20

தமோத்சு அவர்களுக்கு,

ரெண்டு நாளா கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் வரலை. இத்தனை நாளும் உங்க படத்தைப் பார்த்துத்தான் அவளை நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

இனி அவ வரமாட்டா. நானும் வரலை. நீங்களும் வராதீங்க.

தோமியே