இடது பின்கதவு

அக்டோபர் 7, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற கல்லூரி லேபில் மூன்று மல்டிமீட்டர்கள் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றினேன், சரியாயின. இதைத்தான் எழுத நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன நடந்தது என்று அம்மாதான் சொன்னாள். அப்பா ஓட்டுகிற ஹாலாஸ்யம் சார் காரில் இடது பின்கதவு திறக்கவில்லையாம். கல்யாண மண்டப வாசலில் சாரின் மனைவி ஸ்யாமளா அம்மா உள்ளே மாட்டிக்கொண்டார். பட்டுப்புடவையோடு சீட்டில் நகர்ந்து நகர்ந்து, வலது பக்கம் நடுரோட்டில் இறங்கியிருக்கிறார். ஒரு ஷேர் ஆட்டோ உரசுகிற மாதிரி போயிருக்கிறது.

சார் அத்தனை பேர் முன்னாலும் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "மாட்டுக் கொட்டாய் கதவு மாதிரி அறைஞ்சு அறைஞ்சு சாத்தினா எந்தப் பூட்டுடா தாங்கும்?"

டா. அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது.

தீபாவளியோடு வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பதினொரு வருடம் ஓட்டியவரிடம். அப்பா கதவு சாத்தி நான் சத்தம் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டுக் கதவைக்கூட உள்ளே யாரோ தூங்குகிற மாதிரிதான் சாத்துவார்.

அக்டோபர் 8, புதன்

காலையில் அப்பா சட்டை பட்டன் போட்டுக்கொண்டே சொன்னார்: "நாந்தான் வேகமாச் சாத்திட்டேனோ என்னமோ."

சார் திட்டியதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. இவர் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

கதவுப் பூட்டை இழுக்கிற மோட்டாருக்குப் போகும் வயர் அறுந்திருக்கும். கதவு மடங்குகிற இடத்தில் ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர் போகிறது. இத்தனை வருடம் திறந்து மூடினால் அறாமல் என்ன செய்யும்? படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

யாரிடம் காட்ட?

அக்டோபர் 11, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அரை நாள் லேப். ஒத்தக்கடையில்தான் ஜுல்பிகர் அண்ணனின் ஒர்க் ஷாப். அப்பா காரை அங்கே கொண்டுவந்திருந்தார், நானும் போய்ச் சேர்ந்தேன். ஜுல்பிகர் அண்ணன் ரிமோட்டை இரண்டு தடவை அமுக்கினார்.

"மோட்டார் போச்சுண்ணே. பழைய வண்டி, சாமான் வர ஒரு வாரம் ஆகும். கதவு தொறக்காததால உள் அட்டையை ஒடச்சுத்தான் எடுக்கணும்."

கதவில் காதுகூட வைக்கவில்லை.

"சத்தம் வருதுண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன பாப்பா?"

"மோட்டார் சத்தம். வருது."

அவர் அப்பாவிடம் கேட்டார். "பாப்பா என்னண்ணே படிச்சிருக்கு?"

"கரண்டு இஞ்சினியருப்பா."

"அப்ப எங்க வீட்டு ஃபேன் நின்னா பாப்பாவக் கூப்பிடுறேன். கதவ நான் பாத்துக்கிறேன்."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன் — அப்பாவும் சிரித்தார்.

திங்கள்கிழமை வண்டியை விடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். எனக்குக் காது எரிந்தது. அப்புறம்தான் உறைத்தது: சத்தம் வருகிறதென்றால் கரண்ட் வருகிறது. கரண்ட் வந்தால் வயர் அறவில்லை. நான் வரைந்த படமும் தப்பு. மோட்டார் இழுக்கிறது, எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

யானைமலை தெரிகிற இடத்தில் ஒரு ஹார்ட்வேர் கடை. "நிறுத்துங்கப்பா" என்றேன்.

"சாரு வண்டி பாப்பா. எதும் ஆயிப்போச்சுன்னா?"

"அஞ்சு நிமிசம்ப்பா."

துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாங்கினேன். அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துப் பட்டனை அமுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டேன். மூன்று கதவிலும் சுத்தமான 'டக்'. இடது பின்கதவிலும் 'டக்' உண்டு, ஆனால் அமுங்கியது. உள்ளே இருக்கிற பூட்டுக் குமிழ் பாதி எழும்பி, நடுங்கி, நின்றுவிடுகிறது.

அப்பா பின்சீட்டுக்குப் போய்க் குமிழை விரலால் மேலே இழுத்துப் பிடித்தார். நான் இடுப்பால் கதவை உள்பக்கம் தள்ளிக்கொண்டே கைப்பிடியை இழுத்தேன். போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒன்பதாவது தடவை திறந்தது.

கதவின் ஓரத்தில் இருக்கிற கொக்கி முழுக்க மஞ்சளும் சிவப்பும் கலந்த பிசின். தொட்டு முகர்ந்தேன். சந்தனம்.

ஆயுத பூஜை! ஸ்டியரிங், கியர், டயர், நாலு கதவுக் கொக்கி — ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பது ஸ்யாமளா அம்மாதான். வருடா வருடம். இடது பின்கதவு அவருடைய பக்கம்.

அப்பா குனிந்து பார்த்தார். "பூசைக்கு மறுநா இந்தக் கொக்கி இறுக்கமா இருந்துச்சு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"தலைக்குத் தேய்க்கிறதுதான்."

தேங்காய் எண்ணெயும் சந்தனமும். பசையே காய்ச்சியிருக்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து.

ஸ்ப்ரே அடித்து, பழைய துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். கதவைத் திறந்து வைத்தபடியே கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கிப் பூட்டவைத்துப் பார்த்தேன்; சாத்திவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? பத்து முறை. பத்து முறையும் கொக்கி விட்டது.

சந்தோஷமாகத்தான் இருந்தேன், அப்பா வாய் திறக்கிறவரை.

"அம்மா வச்ச சந்தனம்னு சொல்லிப்புடாத பாப்பா. அவுக மனசு கஷ்டப்படும்."

அவுக மனசு.

துணியை வீசச் சொன்னார். வீசவில்லை. என் பையில் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

அப்பாவோடு பேசவில்லை. அம்மா கேட்டாள், "என்னடி, அப்பனும் மகளும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?"

அடுத்தவர் மனசு கஷ்டப்படக்கூடாதென்று வேலையை விட்டுவிட்டு வருவாரா இவர்?

அக்டோபர் 13, திங்கள்

போனேன்.

அப்பா வேண்டாம் என்றார், ஆனால் தடுக்கவில்லை. பதினொரு வருடத்தில் நான் சார் வீட்டுப் படி ஏறியதில்லை. இன்றும் ஏறவில்லை, காருக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

சார் கதவைத் திறந்தார். சாத்தினார். திறந்தார். "பாத்தியா முத்திருளா? பதமா சாத்தினா ஏன் திறக்காது?"

அப்பா தலையாட்டினார்.

ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. துணியை எடுத்து நீட்டினேன்.

"சார், பூட்டுக்குள்ள சந்தனம் இருந்துச்சு. ஆயுத பூஜைக்கு வச்சது. அது இறுகுனதும் அப்பா தேங்காய் எண்ணெய் விட்டிருக்காரு, அது தப்புதான். ரெண்டும் சேர்ந்து பிசினாயிருச்சு. அறைஞ்சு சாத்துனதால இல்ல."

குரல் நடுங்கவில்லை. இன்டர்வியூக்களில் இப்படிப் பேசியிருந்தால் இதற்குள் எதிலாவது தேறியிருப்பேன்.

சார் துணியை வாங்கவில்லை. "யாரு சந்தனத்தை அங்கெல்லாம் வெச்சா?"

வாசற்படியிலிருந்து ஸ்யாமளா அம்மா சொன்னார்: "நான்தான். வருஷா வருஷம் நான்தானே வெக்கறேன். என் பக்கத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே வெச்சேன்."

சார் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "சரி சரி. திறந்தாச்சோல்லியோ" என்று உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்திருக்கிறேன், முட்டாள் மாதிரி. மண்டப வாசலில் ஊர் கேட்கக் கத்தியவருக்கு, வாசலில் மூன்று பேர் கேட்க ஒரு வார்த்தை வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வேறு டிரைவர் பேச்சு இல்லை. நாளை காலை அழகர்கோவில் போக வேண்டும், ஆறு மணிக்கு வந்துவிடு என்று அப்பாவிடம் சொன்னார்களாம். சார் வீட்டிலிருந்து ஒரு டப்பா மிக்சர் வந்தது. நான் தொடவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மிக்சர் காலி. நான்தான் தின்றேன். காரணம் கீழே.

அப்பா மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தார். சார் மகன் ஜெயந்த் தீபாவளிக்கு வந்திருக்கிறாராம். கோயிலுக்குக் கிளம்பும்போது, "கதவு எப்படிப்பா சரியாச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தான் சொன்னேன், சந்தனமாத்தான் இருக்கும்னு. முத்திருளனை விட்டுச் சுத்தம் பண்ணச் சொன்னேன்" என்றாராம் சார்.

எனக்கு வந்த கோபத்தில் சோற்றுக் கரண்டியைக் குண்டானில் போட்டேன். அம்மா, "அந்தாளு நாக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"இருங்க" என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"இல்லீங்கய்யா, அது எம்மக அங்காளேஸ்வரி கண்டுபிடிச்சதுன்னேன். காத வச்சுக் கேட்டே கண்டுபிடிச்சுச்சுன்னேன். நான் அறைஞ்சும் சாத்தலைன்னேன்."

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவரு என்ன சொன்னாரு?"

"முன்சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டாரு. அம்மா வந்து ஏறுனாக."

"எந்தப் பக்கம்?"

"அவுக பக்கந்தான்." ரசம் கேட்டார். ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "கதவ நாந்தான் சாத்துனேன். கொஞ்சம் சத்தமாத்தான் சாத்திட்டேன்."