எரிகுழி மேட்டில் ஏற்றிய நட்சத்திரம்

சேசு மரி சூசை துணை

மைசூர், பிளேக் கொட்டகை முகாம்
1898 டிசம்பர் 27

மரியாதைக்குரிய அண்ணன் சவரிராயன் அவர்களுக்கும் அண்ணி அவர்களுக்கும், தங்கை மதலேனம்மாள் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

நானும் குழந்தை பிரகாசியும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். உயிரை முதலில் எழுதக் காரணம், இங்கே எல்லோரும் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

உங்கள் கடிதம் திருநாளுக்கு முன்பே வந்துவிட்டது. உடனே பதில் எழுதியிருந்தால், செய்யப்போகிறேன் என்று எழுதியிருப்பேன். நீங்கள் தந்தி கொடுத்தாவது தடுத்திருப்பீர்கள். அதனால் காத்திருந்து, செய்துவிட்டேன் என்று இப்போது எழுதுகிறேன். ஆம் அண்ணா, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு வீட்டை அலங்கரித்தேன். நட்சத்திரமும் ஏற்றினேன்.

பிரகாசியின் தகப்பனார் போய் மூன்று மாதம் முடியவில்லை, துக்க வீட்டில் தோரணமும் விளக்கும் வைத்தால் ஜனங்கள் காறித் துப்புவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் முதலில் பேசாமல்தான் இருந்தேன். ஒருநாள் பிரகாசி கஞ்சிக் கலயத்தை வைத்துக்கொண்டு, "அப்பா இல்லாட்டி இந்த வருஷம் பாலன் பொறக்க மாட்டாராம்மா?" என்று கேட்டாள். ஆறு வயசுக் குழந்தை. பிறப்பார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா?

எதை வைத்து அலங்கரிப்பது என்பதுதான் பெரும்பாடு. மண்டி மொஹல்லா வீட்டில் எங்களுக்கு என்னென்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவரை நோயாளிக் கொட்டகைக்குத் தூக்கிப்போன மறுநாள், சர்க்கார் ஆட்கள் வந்து வெயில் இறங்கட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள். பாய், தலையணை, மரப்பெட்டி, அவருடைய கறுப்புக் கோட்டு, அம்மா எனக்குக் கொடுத்த, குடிலில் வைக்கும் மரத்தாலான சேசு பாலன், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவந்து இந்த முகாமின் நடுவிலுள்ள குழியில் போட்டு எரித்தார்கள். என்னையும் குழந்தையையும் இந்தக் கொட்டகையில் விட்டார்கள். மூங்கில் தட்டிச் சுவர், புல்லுக் கூரை. இதுதான் இப்போது என் வீடு. என் வீட்டை நான் அலங்கரித்தேன்.

நோய்க் காற்றுக்கென்று வரிசைக்கு வரிசை சுண்ணாம்பு கொட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் கரைத்துத் தட்டியெங்கும் பூசினேன். நனைந்த செம்மண்ணைக் கையில் தொட்டு வாசலைச் சுற்றிக் கொடியும் பூவும் இழுத்தேன். வேலி ஓரத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அதன் பூவையும் ஆவாரம்பூவையும் தொடுத்து நிலைக்குக் கட்டினேன். கடையில் வாங்கியது ஒன்றுகூட இல்லை.

குடிலுக்குப் பிரகாசிதான் களிமண் பிசைந்தாள். மாதாவும் சூசையப்பரும் ஒருவாறு வந்துவிட்டார்கள். கழுதைதான் வாலும் மூக்கும் நீண்டு வேறு எதுவோ ஆகிவிட்டது. பக்கத்துக் கொட்டகைக் கெம்பம்மா எட்டிப் பார்த்தவள், "இலி! இலி!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். கன்னடத்தில் எலியை அப்படித்தான் சொல்வார்கள். செத்த எலி விழுந்தால் வீட்டில் சாவு என்று நாங்கள் எல்லோரும் கண்டுவிட்டோமே, வரிசை முழுக்கக் கலவரமாகிவிட்டது. கடைசியில் பிரகாசி அந்தக் கழுதையைக் கையில் எடுத்துவந்து காட்டினாள். கெம்பம்மா உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தன் இரண்டு பிள்ளைகளையும் இங்கே பறிகொடுத்தவள் அண்ணா. அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பு கிடைத்தது, ஒட்டுவதற்கு ராகிக் கூழ் இருந்தது. காகிதம் இல்லை. கொட்டகைக்குக் கொட்டகை சர்க்காரார் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள், எலி விழுந்தால் தெரிவிக்கவும், காய்ச்சல் கண்டால் மறைக்க வேண்டாம் என்று. எனக்குத்தான் இனி அவர்கள் அறிவிக்க ஒன்றுமில்லையே! அக்கம்பக்கத்தில் கிடந்த நோட்டீஸ்களையும் வாங்கி, எண்ணெய் தடவி வெளிச்சம் ஊடுருவும்படி செய்து ஒட்டி, உள்ளே விளக்கு வைக்கலாமென்று வாசலில் தொங்கவிட்டேன்.

விவகாரம் அதில்தான் வந்தது. முகாம் மேஸ்திரி சென்னப்பன் இருபத்து நாலாம் தேதி மாலை வந்து வாசலில் நின்றான். "ஏனம்மா, ஹுல்லுக் கொட்டாயிலே தீபமா? பெங்கி பத்திக்கிட்டா இருநூறு குடிசையும் போயிடும். யாரம்மா ஜவாப்? சர்க்கார் காகிதத்தை வேற கிழிச்சு ஒட்டி வெச்சிருக்கே!" என்று கத்தினான். ஹுல்லு என்றால் அவர்கள் பேச்சில் புல், பெங்கி என்றால் நெருப்பு. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு அம்மாள், நம்முடைய சபையைச் சேர்ந்தவள்தான், "தாலி கழட்டின கை காயறதுக்குள்ளே இவளுக்குச் சிங்காரம் கேக்குது" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். நீங்கள் எழுதியதையே அவள் வாயால் கேட்டேன்.

சென்னப்பன் நெருப்பைப் பற்றிச் சொன்னது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளக்கில்லாத நட்சத்திரம் எனக்கு வேண்டாம். "இந்த முகாமில் எங்கே நெருப்பு வைக்கலாம்?" என்று கேட்டேன். "எங்கேயும் கூடாது. எரிகுழியிலே மட்டுந்தான்" என்றான். "அப்படியானால் அங்கேயே வைக்கிறேன்" என்றேன்.

நட்சத்திரத்தை ஒரு கையிலும் பிரகாசியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு குழிமேட்டுக்கு நடந்தேன். அந்த இடத்துப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. சாம்பல் அப்படியே கிடக்கிறது. கால் வைத்தால் கருகிய பித்தான்கள் தென்படும். சென்னப்பன் பின்னாலேயே வந்தான். "இங்கேதான் ஐயா என் வீட்டுக்காரர் கோட்டை எரித்தீர்கள். எங்கள் பாலனை எரித்தீர்கள். அன்றைக்கு எரியலாம் என்று சொன்ன இடத்தில் இன்றைக்கும் எரியலாம். வேண்டாமென்று உத்தரவு இருந்தால் காட்டுங்கள்" என்று சொன்னேன்.

கெம்பம்மா ஒரு கழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலைக்கு வைத்திருந்த ஆமணக்கெண்ணெயைச் சிரட்டையில் ஊற்றினாள். இரண்டு பேருமாகக் கழியை நட்டு, கயிறு கட்டி, விளக்கோடு மேலே இழுத்தோம். சென்னப்பன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கழியடியில் வைத்து, "காத்து ஜாஸ்தியானா நானே அணைச்சுடுவேன்" என்றான். காற்று வந்தது. அவன் அணைக்கவில்லை.

வரிசைவரிசையாக ஜனங்கள் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றார்கள். துலுக்கர், லிங்காயத்தார், நம்மவர் எல்லோரும். வெளிச்சத்தில் நோட்டீஸின் கன்னட எழுத்தெல்லாம் தெரிந்தது. யாரோ அதைப் படித்துச் சிரித்தார்கள். நான் செபமாலை சொன்னேன். அந்த மூன்றாம் வரிசை அம்மாள் வெளியே வரவில்லை. ஆனால் இருட்டிலிருந்து அவள் குரல் 'அருள்நிறை மரியே'வுக்குப் பதில் சொன்னது எனக்குக் கேட்டது.

இனி மற்ற சமாசாரம். தை மாதம் முகாமைக் கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு. பிரகாசிக்குச் சளி; கஷாயம் கொடுக்கிறேன். அவளைக் கன்னியர் மடத்து அநாதை விடுதியில் விடச் சொல்லியிருந்தீர்கள். அவள் அநாதை இல்லை, தாயிருக்கிறாள். விடமாட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வருஷம் வரவேண்டாம் என்றீர்கள். வரமாட்டேன், மனத்தாங்கல் வேண்டாம். மண்டி மொஹல்லா வீட்டுக்கே திரும்பிப் போய், பிரித்துப் போட்ட ஓடுகளைக் கூரையில் அடுக்கப்போகிறேன். தையல் தெரியும். பிழைத்துக்கொள்வோம்.

அண்ணா, உங்களையும் அண்ணியையும் நாலு பிள்ளைகளையும் தேவமாதா தன் முந்தானையில் மூடிக் காப்பாற்ற வேண்டும். இந்த நோய் உங்கள் ஊர் எல்லையைத் தொடவே கூடாதென்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொள்கிறேன். தப்பித் தவறி வந்துவிட்டால், ஊர் உங்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினால், எழுதிக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நான் கதவைச் சாத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் உடன்பிறந்தாள்
மதலேனம்மாள்