எட்டாம் நம்பர் மலை மண்

மடுல்சீமை,
12.08.1956

மகன் நல்லையாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

எட்டாம் நம்பர் மலையில் எங்கள் ஆட்கள் புல்லை வேரோடு எடுக்காமல் ஏய்த்துவிட்டார்கள் என்று நீ துரைக்கு எழுதிக் கொடுத்தது பொய். கணக்கப்பிள்ளையாக, புல் வெட்டிய மூன்று நாளும் கூட நின்று பார்த்தவன் நீ. எழுதிக் கொடுத்துவிட்டுத் தெமோதரைத் தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாய். இங்கே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என் பெயரையும் என் ஆட்களில் ஐந்து பெண்களின் பெயரையும் கூப்பிடுவதில்லை. அவர்களில் வேலாயி மாதக் கடைசியில், குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விட வேண்டுமாம்.

நடந்தது உனக்கே தெரியும். நாங்கள் புல் வெட்டி முடித்த மறுவாரம் துரை மண்ணைக் கிளறி முள்ளுக் குத்தச் சொன்னார். தேயிலையைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலை, வெயில் நேரே விழுகிறது. முள்ளு புரட்டிப்போட்ட அடிமண்ணில் பத்தாம் நாள் நீலப்பூப் பூண்டு பாய் விரித்தது போல முளைத்தது. அது நாங்கள் விட்ட புல் அல்ல. எந்த வருஷமோ உதிர்ந்து உள்ளே கிடந்த விதை. வெளிச்சம் படாமல் அது முளைக்காது. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று மூன்று பால்மா டின் எடுத்தேன். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முள்ளுப் படாத வரியில் ஒரு சாண் ஆழத்து ஈரமண்ணை வெளிச்சம் படாமல் அள்ளி உள்ளேயே மூடினேன். வேலாயி பார்த்துவிட்டு, "என்னாங்க கங்காணி, மண்ணுக்கு வேது புடிக்கிறீங்களா?" என்றாள்.

ஒன்றை அன்றே திறந்துவைத்தேன். ஒன்பது நாளில் நாற்பத்தொரு முளை. இரண்டாவதைப் பத்தாம் நாள் திறந்தால் இரண்டே இரண்டு, அதுவும் வெளுத்துப்போய். வெயிலில் வைத்தேன். இப்போது முப்பத்தெட்டு. ஆபீசுக்குக் கொண்டுபோனேன். பெரிய கிளாக்கர் அம்பலவாணர், "என்ன ரெங்கசாமி, புல்லுப் பிடுங்கச் சொன்னா வளர்த்துக்கொண்டு வாறாய்" என்று சிரித்தார். கூட வந்த வேலாயி விடவில்லை. "நமக்குத்தாங்க பிரஜாவுரிமை இல்ல. புல்லு யாரக் கேட்டு மொளைக்குது?" என்றாள்.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

நீ மாதக் கடைசிக்குள் லீவு எடுத்து வர வேண்டும். பெரட்டில், துரை முன்னால், மலை சுத்தமாக இருந்ததைப் பார்த்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். துரை அந்தப் பெண்களின் பெயரைத் திரும்பப் பதிய வேண்டும். என் பெயர் பிறகு. அதுவரை வேலாயி காம்பராவை விடக் கூடாது, சொல்லிவிட்டேன். கதிர்காமத்தான் உன்னை நல்லபடியாக வைக்க வேண்டும். மூன்றாவது டின் இன்னும் மூடியபடியே இருக்கிறது. அதை நீ வந்து திறக்க வேண்டும்.

உன் அப்பா,
ரெங்கசாமி